கஞ்சிப்பாசியும் அதன் தாள்களும்: மட்டக்களப்புக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் பிள்ளைகளோடு கரைக்குப் போய், பாசி எடுத்து, உலர்த்தித் தாளில் பதித்து வைப்போம். அதைப் பார்த்துப் பெற்றோரும் பழைய மாணவர்களும் கரைவலைக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு சிவப்புப் பாசியைச் சுற்றித்தான் பேச்சு.

கஞ்சிப்பாசி என்பது எது? நோன்புக்குக் காய்ச்சுகிற கடற்பாசியா?

நெருங்கிய சொந்தம். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வீடுகளில் நோன்பு காலத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைப்பது கடையில் வாங்கும் அகர். அகர் என்பது சில சிவப்புக் கடற்பாசிகளின் செல் சுவரில் இருக்கிற பொருள். கஞ்சிப்பாசியும் அகர் தருகிற பாசிதான். கடைப் பொட்டலத்தில் இருப்பது எந்த இனத்திலிருந்து வந்தது என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

கஞ்சிப்பாசி என்பது இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் சொல்லும் பெயர். வாய்க்கு இலகுவாக இருப்பதால் நானும் அதையே எடுத்துக்கொண்டேன். அறிவியல் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். எடுலிஸ் என்றால் லத்தீனில் தின்னத்தக்கது. இதையும் இதன் உறவுகளையும் ஆங்கிலேயர் காலத்து வணிக ஏடுகள் 'சிலோன் மொஸ்' என்று எழுதின.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆய்வுகூடத்தில் பக்டீரியா வளர்க்க அகரைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்ணிடமிருந்து வந்தது. ஜெலியும் புடிங்கும் செய்த சமையலறை அனுபவம் அது. அவருடைய கணவர், றொபேட் கொக் என்ற பக்டீரியா ஆராய்ச்சியாளரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்.

சிவப்புப் பாசி என்கிறீர்கள். கரையில் கிடப்பது மஞ்சளாகவும் பச்சையாகவும் இருக்கிறதே?

சிவப்பைக் கொடுக்கும் நிறப்பொருள் ஃபைக்கோஎரித்ரின். ஆழம் குறைந்த இடத்தில் வெயில் சுள்ளென்று விழும்போதும், தண்ணீரில் ஊட்டம் குறையும்போதும் அந்த நிறம் மங்கிவிடும். பாசி வைக்கோல் நிறத்துக்கோ பச்சைக்கோ போய்விடும். கரையொதுங்கி இரண்டு நாள் காய்ந்தால் வெள்ளை. அதே செடியைத் தாளில் உலர்த்தினால் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறலாம். அதனால் எடுத்த நேரத்து நிறத்தை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு யாராலும் அதை ஊகிக்க முடியாது.

ஹெர்பேரியம் என்பதைத் தமிழில் எப்படி விளங்கிக்கொள்வது?

உலர்ந்த செடிகளின் சுவடிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த தாளில் (வழக்கமான அளவு ஏறக்குறைய 29 × 42 சென்டிமீற்றர்) ஒரு செடி, அதன் மூலையில் ஒரு லேபிள். அந்தச் செடி எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்பது லேபிளில் இருக்கும். இலங்கையின் தேசிய உலர்தாவரச் சேகரம் பேராதனைப் பூங்காவில் இருக்கிறது.

பாசியைத் தாளில் எப்படிப் பதிப்பது? வீட்டில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாசியைக் கடல் நீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், சில சிவப்புப் பாசிகளின் செல்கள் நன்னீரில் வெடித்து நிறம் கசிந்துவிடும். மணலையும் சிறு நத்தைகளையும் நண்டுக் குஞ்சுகளையும் எடுத்துவிடுங்கள். அடியில் பாசி பற்றியிருந்த பகுதி பிய்ந்துபோகாமல் வரவேண்டும். வேர் போலத் தெரிந்தாலும் அது வேர் அல்ல, பற்றிக்கொள்ள மட்டும் இருக்கிற ஒரு சிறு தட்டு.

அகன்ற தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குக் கடல் நீர் விட்டு, தடித்த தாளை நீருக்குள் அமிழ்த்துங்கள். அதற்கு மேலே பாசியை மிதக்க விடுங்கள். கையில் எடுத்தால் நூடில்ஸ் போலத் தொங்கிய பாசி, தண்ணீரில் விட்ட கணம் தன்பாட்டில் விரியும். நடுத் தண்டு, அதிலிருந்து இரண்டிரண்டாகப் பிரியும் கிளைகள், நுனிக்குப் போகப் போக ஊசியாகும் மெலிவு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மென்மையான தூரிகையால் கிளைகளைக் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் பிறகு எண்ண முடியாது. சரி, இப்போது தாளின் ஒரு ஓரத்தைப் பிடித்து, சாய்வாக, மிக மெதுவாக உயர்த்துங்கள். தண்ணீர் வழிந்து இறங்கும், பாசி தாளிலேயே தங்கிவிடும். அவசரப்பட்டால் எல்லாக் கிளையும் ஒரு பக்கம் ஒதுங்கி, வாரிய தலைமயிர் மாதிரி ஆகிவிடும். அப்படியானால் திரும்பவும் நீரில் விட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

மேலே பழைய மெல்லிய பருத்தித் துணித் துண்டொன்றை விரியுங்கள். துணி இல்லாவிட்டால் ஒற்றுத்தாள் பாசியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒற்றுத்தாளோ பழைய பத்திரிகைத் தாளோ வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே பாரம் ஏற்றுங்கள். ஈரத் தாளை முதல் நாள் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். பிறகு தினமும் ஒரு தடவை போதும். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கஞ்சிப்பாசிக்கு பசை தேவையில்லை. அதன் உள்ளே இருக்கிற அகரே அதைத் தாளோடு ஒட்டிவிடும். முதல் தடவை இதைக் காணும் பிள்ளைகள் விரலால் சுரண்டிப் பார்ப்பார்கள், வராது.

மரபணு ஆய்வுக்கு உதவ வேண்டும் என்றால், பதிக்கும் முன் ஒரு சிறு கிளையை வெட்டி, சிலிக்கா ஜெல் உள்ள பைக்குள் தனியாக உலர்த்தி வையுங்கள். ஃபோர்மலினில் போட்ட துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

லேபிளில் என்ன எழுத வேண்டும்? இடமும் திகதியும் போதாதா?

இடமும் திகதியும் இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. ஆனால் அவை மட்டும் போதாது. பாசி எதில் பற்றியிருந்தது என்பது அடுத்து முக்கியம்: பவளக் கல்லிலா, சிப்பி ஓட்டிலா, வலைக் கயிற்றிலா, ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு போலக் கொண்டுவந்து கொட்டிய கல்லிலா? மணற்கரையில் புதிதாகக் கல் வந்தால், முன்பு நிற்க இடமில்லாத பாசிக்கு இடம் கிடைக்கலாம். அதைப் பிற்காலத்தில் ஒருவர் கண்டுபிடிக்க உங்கள் லேபிள்தான் சாட்சி. ஆழம், அலையின் வேகம், நிறம், கூட வளர்ந்த மற்றப் பாசிகள், எடுத்தவர் பெயர், அவருடைய சேகரிப்பு எண் எல்லாமும் வேண்டும்.

கரையொதுங்கிய பாசி என்றால் 'ஒதுங்கியது' என்று கட்டாயம் எழுதுங்கள். அது அந்த இடத்தில் வளர்ந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்குள்தான், அதனால் காலடியில் கிடைப்பதில் பெரும்பங்கு ஒதுங்கியதாகவே இருக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு பருவம் முழுக்கப் பாசி சேகரித்து, அழகாகப் பதித்து, எண் மட்டும் போட்டு வைத்தேன். விவரம் எல்லாம் ஒரு கொப்பியில். ஒரு கார்த்திகை மழையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. தாள்கள் மேல் தட்டில் இருந்தன, தப்பிவிட்டன. கொப்பி கீழே இருந்தது. ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்கள் நீல நீராகக் கரைந்துவிட்டன. தாள்களைப் பார்த்தால் இன்றைக்கும் கிளைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் 14ஆம் எண் கல்குடாவா வாகரையா, மாசியா ஆவணியா என்று எனக்கே தெரியாது. ஒரு உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் அன்பாகத்தான் பேசினார், ஆனாலும் வாங்கவில்லை. அவர் செய்தது சரி. அன்றிலிருந்து பென்சிலால் எழுதுகிறேன், பாசி பதிக்கும் அதே தாளில், ஈரம் காயும் முன்பே.

இலங்கையின் பழைய பாசித் தாள்களை யார் சேகரித்தார்கள்? அவை இப்போது எங்கே?

முக்கியமானவர் வில்லியம் ஹென்றி ஹாவி, அயர்லாந்துக்காரர் (1811–1866). அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் 1853இல் இலங்கையில் இறங்கிப் பாசி எடுத்தார். அதை எண்ணிட்ட தொகுப்புகளாகப் பிரித்துப் பல காப்பகங்களுக்கு அனுப்பினார். அவருடைய சொந்தச் சேகரம் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் இருக்கிறது. லேபிளில் 'பெலிகாம்' என்று கண்டால் குழம்ப வேண்டாம், அது தெற்கிலுள்ள வெலிகம. இலங்கையிலேயே வாழ்ந்து பாசி சேகரித்தவர் வில்லியம் ஃபேகசன். லண்டன் காப்பகத்தில் சேர்ந்திருந்த இலங்கைப் பாசிகளுக்கு ஜோர்ஜ் மரே 1887இல் ஒரு பட்டியல் போட்டார். சுவீடன் நாட்டு நில்ஸ் ஸ்வெடேலியஸ் 1902–1903இல் காலியில் தங்கி ஆராய்ந்தார். நம்மவர்களில், கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் துரைரத்தினம் 1961இல் இலங்கைக் கடற்பாசிகள் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் புரட்டப்படுகிறது.

இவர்களில் ஹாவியும் ஸ்வெடேலியஸும் எங்கே இறங்கினார்கள் என்று பாருங்கள். கப்பல் வந்து நின்ற தென்மேற்குக் கரை. கிழக்கில் பாசி இல்லாததாலா? கப்பல் காலியில் நின்றது, அவ்வளவுதான்.

இணைய வரைபடத்தில் ஒரு கடற்பாசிப் பதிவு, கடலே இல்லாத தம்புள்ளைப் பக்கம் புள்ளியாகக் கிடக்கிறதே, எப்படி?

பழைய லேபிளில் 'சிலோன்' என்ற ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அதைக் கணினியில் ஏற்றும்போது இட ஆள்கூறு கேட்கும். அப்போது நாட்டின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடுவார்கள். தீவின் நடு தம்புள்ளைக்குக் கிட்டத்தான் விழும். பதிவு பொய்யில்லை, புள்ளிதான் அர்த்தமில்லாதது. ஆள்கூற்றுக்குப் பக்கத்தில் எத்தனை கிலோமீற்றர் பிசகலாம் என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் மூல லேபிளின் படத்தைத் தேடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒருவர் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த பாசியைப் பல பிரதிகளாக்கி ஐந்து நாடுகளுக்கு அனுப்பியிருப்பார். ஐந்து காப்பகமும் தனித்தனியே பதிந்தால் வரைபடத்தில் ஐந்து பதிவு. சேகரித்தவர் பெயரும் எண்ணும் திகதியும் ஒத்துப்போனால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஒரு இனத்துக்குப் பதிவே இல்லை என்றால், அது இங்கே இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். அப்படி அர்த்தம் இல்லை. பாசிக்குடாவின் பெயரிலேயே பாசி இருக்கிறது. குடாவுக்குப் பெயர் வைத்தவர்கள் தாளில் பதிக்கவில்லை, ஆனால் பார்த்திருக்கிறார்கள்.

புள்ளி விழுவதற்கு ஒரு மனிதர் அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் எங்கள் கடலுக்குள் யார் இறங்குவது? அதனால் அந்த மாதங்களின் தாள்கள் அரிதாகவே இருக்கும். அதை வைத்து 'இந்தப் பாசி மழைக்காலத்தில் மறைந்துவிடும்' என்று ஒருவர் எழுதினால், அவர் பாசியின் காலத்தை அல்ல, சேகரித்தவரின் காலத்தைத்தான் எழுதுகிறார். அதோடு, 1983 முதல் 2009 வரை நடந்த போர். அந்த நாட்களில் இந்தக் கரையில் ஒருவர் பையும் கத்தியும் கொண்டு நீருக்குள் குனிந்து நின்றால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இடையில் 1978 கார்த்திகையில் சூறாவளி, 2004 மார்கழியில் சுனாமி. இரண்டுக்கும் முன்னால் எங்கள் கற்களில் என்ன வளர்ந்தது, பின்னால் என்ன வளர்ந்தது என்று ஒப்பிட வேண்டுமானால் முன்னைய தாள் வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் 2004க்கு முந்திய செயன்முறைக் கொப்பியில் யாராவது ஒட்டிய பாசி, திகதியோடு இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

பார்த்த உடனே கஞ்சிப்பாசி என்று சொல்ல முடியுமா?

சில உறவுகளை விலக்கலாம். கிளை தட்டையாக இருந்தால் கிராசிலேரியா கோர்ட்டிகேட்டாவை நினைக்கலாம். இடையிடையே நெரிந்து, கணு கணுவாகக் கோர்த்தது போல இருந்தால் கிராசிலேரியா சலிகோர்னியா. சிறு முட்கள் இருந்தால் அகாந்தோஃபோரா என்ற வேறொரு சிவப்புப் பாசி. உருண்டையாக, வழவழப்பாக, நுனி மெலிந்து இருப்பவைதான் தலையிடி. அவற்றுக்குள் கண்ணால் பிரிப்பது கடினம்.

அங்கேதான் பெண் செடி தேவைப்படுகிறது. இந்தக் குடும்பத்தின் வாழ்க்கையில் மூன்று வகைச் செடிகள் உண்டு. ஆண், பெண், வித்தி தரும் செடி மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். கருத்தரித்த பெண் செடியில் மட்டும் கிளைகளின்மேல் கடுகு போலச் சிறு மேடுகள் எழும். ஈரக் கிளையை விரல்களுக்கு நடுவே உருட்டினால் கைக்குத் தட்டுப்படும். அந்த மேட்டைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கிராசிலேரியாவா, அதைப் போலவே இருக்கும் கிராசிலேரியோப்சிஸா என்று பிரிக்கலாம். ஆகவே மேடு உள்ள செடி கண்டால் அதை முதலில் எடுங்கள்.

மேடு இல்லாவிட்டால் 'கிராசிலேரியா, இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது. தவறான பெயரைவிட அது பல மடங்கு மேல்.

ஒரே தாளில் மூன்று பெயர் ஒட்டியிருக்கிறதே, எது சரி?

மூன்றையும் வாசியுங்கள், ஒன்றையும் கிழிக்காதீர்கள். ஒவ்வொரு சீட்டும் ஒரு நிபுணர் ஒரு காலத்தில் சொன்ன தீர்ப்பு. சாமுவேல் கொட்லீப் க்மெலின் 1768இல் கஞ்சிப்பாசிக்கு ஃபூக்கஸ் எடுலிஸ் என்று பெயரிட்டார். 1952இல் போல் சில்வா கிராசிலேரியாவுக்குள் கொண்டுவந்தார். 2004இல் ஹைட்ரோபுன்டியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பெயரும் இன்னும் புழங்குகின்றன. பழைய ஏடுகளில் கிராசிலேரியா லிக்கனாய்டிஸ் என்ற பெயரும் வரும். அதனால் ஒரு பெயரை மட்டும் தட்டித் தேடினால் பாதிப் பதிவு வராது.

'கிராசிலேரியா வெருகோசா' என்ற பெயரைக் கண்டால் மட்டும் கவனம். உலகம் முழுக்க மெல்லிய உருண்டைப் பாசிக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள். 1995இல் அந்தப் பெயரே செல்லாது என்று காட்டிவிட்டார்கள். அந்தப் பதிவுகளுக்குத் தாளைத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தாள் இல்லாமல் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் அந்த வழியும் இல்லை.

போட்டோ எடுத்தால் போதாதா?

உயிரோடு இருக்கிற நிறத்துக்குப் போட்டோ நல்லது, எடுங்கள். ஆனால் போட்டோவை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைக்க முடியாது.

நூறு வருடப் பழைய பாசித் தாளால் இன்றைக்கு என்ன பயன்?

பாசி தான் வளர்ந்த தண்ணீரைத் தன் உடம்பில் எழுதி வைக்கிறது. கலிபோர்னியாவின் மொன்டரே குடாவில் ஜெலிடியம் என்ற சிவப்புப் பாசியின் பழைய தாள்களிலிருந்து மிகச் சிறு துண்டுகளை எடுத்து, நைட்ரஜன் ஐசோடோப்பை (ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்தார்கள். ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும் போக்கு எப்படி மாறியது என்பதை, கருவிப் பதிவுகள் தொடங்காத 19ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கி வாசித்தார்கள். 2020இல் அது வெளிவந்தது. அவற்றில் மிகப் பழைய தாள்களைப் பதித்தவர்களுக்கு ஐசோடோப்பு என்ற சொல்லே தெரியாது. திகதியும் இடமும் எழுதினார்கள், அது போதுமாக இருந்தது.

எங்கள் வாவிக்கு இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். வயல் உரமும் ஊர்க் கழிவும் எந்த வருடத்திலிருந்து வாவி நீரை மாற்றத் தொடங்கின? முகத்துவாரத்துக்குக் கிட்ட, ஒரே இடத்தில், வருடம் ஒரு தாள் பதித்தாலே முப்பது வருடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கட்டு கையில் இருக்கும்.

அனுமதி வேண்டுமா?

சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. வாகரைப் பக்கம் போகிறவர்கள் காயான்கேணிக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். உயிருள்ள பவளத்தை எங்கேயும் உடைக்காதீர்கள். ஒரு கல்லில் ஐந்து செடி இருந்தால் ஒன்றை எடுங்கள், ஒன்றே இருந்தால் போட்டோவோடு வந்துவிடுங்கள்.

தாள்களை எங்கே வைப்பது?

காய்ந்த இடத்தில், உயரத்தில். இராமபாணப் பூச்சி தாள்களை அரித்துத் தின்னும். தாள்களைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் உறைகுளிரில் வைத்து எடுத்தால் பூச்சியும் முட்டையும் அழியும். முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பதித்து, ஒன்றைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவுக்கோ பேராதனைக்கோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேன்.

லேபிளைத் தமிழில் எழுதலாமா?

இரண்டு மொழியிலும் எழுதுங்கள். ஆங்கிலம் தூரத்தில் இருப்பவருக்கு. இடப்பெயர் மட்டும் தமிழ் எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ளகரமும் ழகரமும் லகரமும் ஒன்றாகிவிடும், இரண்டு ஊர் ஒரு ஊராகிவிடும்.

போன வைகாசியில் கரையில் நின்று லேபிள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி 'கல்லடிக்கு வடக்கே, கரையிலிருந்து 40 மீற்றர், பாறை' என்று எழுதினாள். கரைவலை இழுத்து முடித்து வந்த ஒரு ஐயா எட்டிப் பார்த்தார். "டீச்சர், அந்தக் கல்லுக்குப் பேர் இருக்கு" என்றார். வலை சிக்குகிற ஒவ்வொரு கல்லுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறதாம். அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஒன்றொன்றாகக் கை நீட்டிச் சொன்னார். மாணவி 'பாறை' என்பதை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அவர் சொன்ன பெயரை, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே, பென்சிலால் எழுதினாள்.